செல்லுபடி

முனிச்சாலையில் இரவு பதினொன்று நாற்பது.
குபேந்திரன் ஆஃப்செட்டில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
வார்டு கவுன்சிலரின் மாமியார்
ஏழு மணிக்குத் தவறிவிட்டார்.
காலையில் பத்து மணிக்கு எடுக்கிறார்கள்,
விடிவதற்குள் ஐந்நூறு சுவரொட்டி.

பாக்கியஜோதி படத்தை வைத்துவிட்டாள்,
அம்மையாரின் மூக்குத்தியைக் கொஞ்சம் மின்னவைத்தாள்,
கண்ணீர் அஞ்சலியில் ஒரு சொட்டுக் கூடவே சேர்த்தாள்.
சேமிக்கத்தான் முடியவில்லை.
அனுமதி இல்லை என்கிறது பெட்டி.
பிளேட் அறைக் கணினியோ
சர்வரில் அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர
வேறெங்கும் எட்டிப் பார்க்காது.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டார் குபேந்திரன்:
"யாரும்மா பூட்டுனது?"

ஜோதியின் திரையில் வலது கிளிக்.
அவள் பெயருக்கு நேரே வரிசையாக டிக்:
படி, எழுது, மாற்று, முழுக் கட்டுப்பாடு.
பட்டா அவள் பெயரில்தான்.
வேலிக்குள் விடமாட்டேன் என்கிறார்கள்.

பின்னறையில் மைப் டப்பாக்களுக்கு நடுவே
சர்வர் முனகிக்கொண்டிருந்தது.
லினக்ஸுக்கு டிக் தெரியாது.
ஒன்பது எழுத்து, அப்புறம் ஒரு கூட்டல் குறி,
இன்னும் விஷயம் இருக்கிறது என்பதுபோல.
உரிமையாளர் இடத்தில் பெயர் இல்லை: 1007.
ஒச்சப்பன்.
வெள்ளிக்கிழமை சம்பளத் தகராறில் போனவன்.
கணக்கை அழித்தோம், எண் அழியவில்லை.
இந்த அச்சகத்தின் சாவு வேலை முழுக்க
இன்னும் அவனுடையது.
நாலு நாளாக இந்தப் பக்கம் ஒன்றும் விழாததால்
யாருக்கும் தெரியவில்லை.

முதலில் வழியைப் பார்த்தேன்.
மதுரைக்காரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.
வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூலம், சித்திரை:
ஒவ்வொன்றும் கால் வைக்க விட்டால்தான் அடுத்தது.
நடுவீட்டுச் சாவி இடுப்பில் இருந்தென்ன,
தெருமுனையில் கட்டையைப் போட்டுவிட்டால்.
இங்கே தெருக்களெல்லாம் திறந்தே கிடந்தன.

பிறகுதான் கண்ணில் பட்டது அந்த வரி.
ஜோதிக்கு: படி, எழுது, நுழை.
அதே வரியின் வலது ஓரத்தில்,
கடைசிப் பந்திக்கு வந்த பாயசம்போல,
செல்லுபடியாவது: படி, நுழை.

முகமூடி என்பார்கள் இதை.
யாருக்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும்
இதற்குமேல் கிடையாது என்று
அடியில் ஒற்றை வரியாக உட்கார்ந்திருக்கும்.
போட்டது யாரென்று பழைய கட்டளைகளைப் புரட்டினேன்.
வெள்ளி, மாலை ஆறு பத்து. ஏழு ஐந்து ஐந்து.
என் கை.
அவன் போன கையோடு, பயந்து, பூட்டினேன்.
அவன் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை,
தன் டீ டம்ளரைக்கூட.

"எல்லாருக்கும் தெறந்து விட்ரும்மா,
ஏழு ஏழு ஏழுதானே, எனக்கே தெரியும்."
அப்படித் திறந்துவிட்டுத்தான் போன தையில்
ஒரு கல்யாணப் பத்திரிகையில் வேறு மாப்பிள்ளை ஏறினார்.
மணி பன்னிரண்டரை.
போட்டேன், ஏழு ஏழு ஏழு.
ஜோதி சேமித்தாள். பிளேட் அறையில் பச்சை விளக்கு.

மெஷின் சத்தத்துக்குள் உட்கார்ந்து
செய்யவேண்டியதைச் செய்தேன்.
ஒரு குழு, அதில் மூன்று பேர்.
உள்ளே பிறக்கிற எதுவும்
குழுவின் பெயரையே சுமக்கும்படி ஃபோல்டருக்கு ஓர் எழுத்து.
மற்றவர்களுக்குப் பூஜ்யம்.
ஆயிரத்து ஏழை மாற்றுவதற்கு முன்
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் வேலைம்மா?" மறுபடி கேட்டார்.
"விண்டோஸ் அப்டேட்" என்றேன்.
ஜோதி என்னைப் பார்த்தாள். மவுஸைத் துடைத்தாள்.

நாலரைக்குத் திரும்பும்போது
கீழவாசலில் ஒரு பள்ளிக்கூடச் சுவர்.
நோட்டீஸ் ஒட்டாதீர், மீறினால்
என்பதுவரை படிக்க முடிந்தது.
மிச்சத்தின் மேல் அம்மையார்,
பசை காயாமல்,
மூக்குத்தியோடு.